ஆகாயத்தில் சிம்மகதி

பெருமாளின் எடை என்ன என்று தில்லைநாயகி கேட்டதும் வாகன மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

திருநெடுங்கரைக் கோயிலில் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. யானைக்கு எந்த நாமம் போடுவது என்பது ஒன்று. புளியோதரை உருண்டை வருஷத்துக்கு வருஷம் ஏன் இளைத்துக்கொண்டே போகிறது என்பது இன்னொன்று. ஆனால் பெருமாளை எடை போட வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் அது கேட்கக் கூடாத கேள்வி என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"அம்மா, உலகத்தையே மூணடியால அளந்தவர் அவர்" என்றார் பல்லக்கின் முன்தண்டைச் சுமக்கிற ராமபத்ரன். "அவரை நீங்க தராசில நிறுத்தப் போறேளா?"

"தராசெல்லாம் வேண்டாம் சார். தோராயமாச் சொன்னாப் போதும்."

"தோராயமாச் சொன்னா குறைச்சுச் சொன்னதா ஆயிடும். அபசாரம்."

"அப்ப கொஞ்சம் கூட்டியே சொல்லுங்க."

"கூட்டிச் சொன்னா, பகவான் பெருத்துட்டார்னு நான் சொன்ன மாதிரி ஆகாதோ?"

தில்லைநாயகி தன் கைப்பலகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். உயிருள்ள உடம்புகள் எப்படி அசைகின்றன, எலும்பும் தசையும் பாரத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று ஆராய்கிற கூடம் ஒன்றில் அவள் டாக்டர் பட்டம் வாங்கிய பொறியாளர். எறும்பையும் ஒட்டகத்தையும் அளந்திருக்கிறாள். இரண்டுமே அவளிடம் எதிர்வாதம் செய்ததில்லை.

அவள் அங்கே வந்ததற்குக் காரணம் போன பிரம்மோற்சவம். திருநெடுங்கரைப் பெருமாள் கோபுர வாசலைத் தாண்டும்போது சாதாரணமாக நடக்க மாட்டார். குகையை விட்டுச் சிங்கம் புறப்படுவது போல ஓரடி வைத்து நின்று, வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்வார். அதற்குப் பெயர் சிம்மகதி. பாய்கிற பெருமை பெருமாளுக்கு, தேய்கிற முழங்கால் தண்டுக்குக் கீழே இருக்கிற சீர்பாதம் தாங்கிகளுக்கு. போன வருஷம் அந்தப் பாய்ச்சலில் பல்லக்கு சாய்ந்து, குடை பிடித்துப் பறந்துகொண்டிருந்த ட்ரோனில் போய் முட்டியது. பயந்துபோன அறங்காவலர்கள் தில்லைநாயகியின் கால்கூடுகளைத் தருவித்தார்கள்.

கால்கூடு என்பது இடுப்பிலிருந்து பாதம் வரை மாட்டிக்கொள்கிற மெல்லிய சட்டம். மூட்டுக்கு மூட்டு சின்ன மோட்டார், பாதத்துக்கு அடியில் பாரத்தை உணர்கிற தகடு. ஒருவர் கால் தளர்ந்தால் மற்றவர்களின் கூடுகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். எல்லாமாகச் சேர்ந்து பல்லக்கைச் சமமாக நிறுத்திவிடும். திருநெடுங்கரைக்காரர்கள் முதல் காரியமாக அதற்குத் 'திருவடிக் கவசம்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது காரியமாக, பேட்டரி மடியா விழுப்பா என்று மூன்று நாள் சண்டை போட்டார்கள். கடைசியில் தோல் வார்களை அவிழ்த்துவிட்டுப் பட்டு வார் தைத்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகத் தீர்த்தம் தெளித்தார்கள். தில்லைநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தனை கலகலப்பிலும் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் சௌரிராஜன். வலப்பக்கத்து இரண்டாம் இடம் அவருடையது. பகலில் அவர் உயர்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார். உலகத்தில் அவர் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயம் ஒன்றே ஒன்று, தண்டுக்குக் கீழே இருந்த அந்த ஒரு முழ இடம்.

அவருடைய ரகசியமும் ஒன்றே ஒன்றுதான். அவர் சுமப்பதில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிருந்தது. விழுந்த வருஷம், ஒரே ஒரு நாள் சமாளித்துவிடலாம் என்று, தோளைத் தண்டுக்குக் கொடுக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, கையால் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொஞ்சம் தொங்கினார். கால் வலிக்கவில்லை. மறுநாளும் தொங்கினார். பழக்கம் என்பது குடிவந்த மாமியார் மாதிரி, வந்த பிறகு போகச் சொல்ல முடியாது. ஆண்டுகள் ஓடின. ஒவ்வொரு வருஷமும் புறப்பாடு முடிந்து பல்லக்கை இறக்கியதும், வியர்வையைத் துடைத்தபடி அவர்தான் முதலில் சொல்வார்: "இன்னிக்குப் பெருமாள் கொஞ்சம் கனம், இல்லையா?"

"ஆமாம் ஓய், கனம்தான்" என்பார்கள் மற்றவர்கள்.

அவருடைய அக்கா புருஷன் ஆராவமுதன் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். "எனக்கொண்ணும் தெரியலையே. பூ மாதிரி இருந்தார்" என்பார். அவர் இடம் சௌரிராஜனுக்கு நேர் பின்னால். தாங்கிகள் சங்கத்துக்குக் காரியதரிசியும் அவர்தான். நெஞ்சு இரும்புப் பலகை, வாய் இரும்பு உலக்கை. சுமக்க முடியாதவன் தண்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி. சௌரிராஜன் வெளியே போனால் அந்த இடத்தில் வந்து நிற்கப்போவது ஆராவமுதனின் மூத்த பையன்.

தண்டுக்குக் கீழே நின்றுவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. பெருமாளுக்குப் பின்னால் தேவர்கள் வருவார்கள், அவர்களைப் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் முன்னால் நிற்பவர் கண்ணுக்குச் சௌரிராஜன் தப்பியது அந்த விதியால்தான், பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அவருடைய பாவனையால். ஆனால் கவசத்துக்கு அந்த விதி தெரியாதே.

"எல்லாத்தையும் அளந்துடுமாம்" என்றார் அன்று ராத்திரிச் சாப்பாட்டில்.

வேதவல்லி ரசத்தை ஊற்றினாள். "அளக்கட்டுமே. உங்க முழங்காலுக்குத் தைலம் தேச்சுத் தேச்சு என் கைரேகை அழிஞ்சதையும் சேர்த்து அளக்கட்டும்."

"விளையாடாதே. என் எடம் போயிடும்."

"போனா ஆத்துல உக்காந்து கறிகாய் நறுக்குங்கோ."

"வேதா."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு அவள் கரண்டியை வைத்தாள். அந்தக் கண்ணில் தண்ணீரை அவள் அதிகம் பார்த்ததில்லை. "அந்த டாக்டரம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்கோளேன்" என்றாள் மெதுவாக.

அவர் சொல்லவில்லை. பதிலாக, பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற தம் மாணவர்கள் செய்வதையே செய்தார். ஒத்திகைக்காகப் பல்லக்கில் மணல் மூட்டைகளை வைத்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே சுமந்தார். ஆச்சரியமாக, கவசம் முழங்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. வலி இருந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. தில்லைநாயகியின் பலகையில் எல்லோருக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

கவசங்களில் சிம்மகதியைப் பதிவு செய்தபோது சின்னதாக ஒரு தகராறு நடந்தது. ராமபத்ரன் பாய்ந்து காட்டியதைப் பார்த்துவிட்டு, "சார், நான் நிஜ சிங்கத்தோட நடையை அளந்திருக்கேன். அது இப்படி நடக்காது" என்றாள் தில்லைநாயகி.

"எப்படி நடக்கும்?"

"சோம்பலா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு."

"அது அதோட தப்பு" என்றார் ராமபத்ரன்.

உற்சவத்தன்று வீதியில் எள் போட்டால் எள் விழாது. கோபுரத்துக்கு மேலே குடை ட்ரோன்கள் வரிசையில் காத்திருந்தன. கவசங்களின் மேல் வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டி, கோவிந்தா கோஷத்தோடு பல்லக்கைத் தூக்கினார்கள். பூ மாதிரி எழுந்தது. ஆராவமுதன் சொன்னது முதல் தடவையாக எல்லோருக்கும் உண்மையாயிற்று. இன்றைக்கு நிஜமாகவே சுமப்பது என்று சௌரிராஜன் சங்கல்பம் செய்துகொண்டிருந்தார். வாசல்படி வரைக்கும் சுமக்கவும் செய்தார்.

அங்கே மேளம் மாறியது. நாதஸ்வரக்காரர் சிம்மகதிக்கான பிடியைப் பிடித்தார், தவில் உறுமியது. அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு இத்தனை வருஷமாகப் பழகிப்போன சௌரிராஜனின் கை, அவரைக் கேட்காமலேயே தண்டைப் பிடித்துத் தொங்கியது.

பாதத் தகட்டில் பாரம் குறைந்தது. கவசங்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. பல்லக்கு வலப்பக்கம் தாழ்கிறது, அங்கே ஏதோ கூடுதல் சுமை. உடனே மற்ற எல்லாக் கவசங்களும் முழங்காலை நிமிர்த்தித் தண்டை உயர்த்தின. சுமையின் கவசம் மட்டும் நிமிரவில்லை. சுமை எதற்கு நிமிர வேண்டும்?

சௌரிராஜன் கீழே பார்த்தார். தரைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் ஆகாயம் இருந்தது.

கவசத்துக்கு சிம்மகதி கற்றுக்கொடுத்திருந்தார்கள் அல்லவா, அது கடமை தவறவில்லை. அவருடைய கால்கள் அந்தரத்தில் ஓரடி வைத்து நின்றன. வலம் திரும்பின, இடம் திரும்பின, சிலிர்த்தன, பாய்ந்தன. கையை விட்டால் கூட்டத்தில் விழ வேண்டும், விடாவிட்டால் இப்படியே போக வேண்டும். விடவில்லை. முன்னால் இருந்த ராமபத்ரனுக்கு இது தெரியாது, திரும்பிப் பார்க்கக் கூடாதே. வீதி முழுக்கப் பெருமாள் சிங்கமாகப் போனார், கூடவே சௌரிராஜன் துணிக்கொடியில் போட்ட வேட்டியாகப் போனார்.

"இது என்ன கதி? புதுசா இருக்கே" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"கருட கதி" என்றார் பக்கத்தில் இருந்தவர், எல்லாம் தெரிந்தவர் குரலில். "பழைய கிரந்தத்துல இருக்கு."

அதற்குள் நூறு பேர் படம் பிடித்துவிட்டார்கள். நாளைக்கும் கருட கதி உண்டா, அதற்கு உபயம் செய்யலாமா என்று கோயில் அலுவலகத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மேல வீதியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும், "எங்க ஸ்கூல் கணக்கு சார் தொங்கறாரு" என்று உள்ளதைச் சொன்னான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் காலை வாகன மண்டபத்தில் கூட்டம் கூடியது. சௌரிராஜன் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. இதே மண்டபத்தில்தான் அவரைத் தாங்கியாக்கிக் காப்புக் கட்டினார்கள். இங்கேயே அதை அவிழ்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, நடந்தது என்னன்னு சொல்லுங்கோ" என்றார் ஆராவமுதன். "மிஷின் கோளாறா?"

தில்லைநாயகி சௌரிராஜனைப் பார்த்தாள். கோளாறு என்று சொன்னால் இவர் பிழைப்பார், அவளுடைய கவசங்கள் மூட்டை கட்டிப் போகும்.

"கவசத்துக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம்தான் சார்" என்றாள். "காலுக்கு அடியில பாரம் இருந்தா சுமக்கறவர். இல்லேன்னா சுமை. அது சாரை..."

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லே" என்று சௌரிராஜன் எழுந்தார். "நான் தொங்கினேன். நேத்து மட்டுமில்லே, ஏழெட்டு வருஷமாவே தொங்கிண்டுதான் இருக்கேன். பெருமாளோட சேர்த்து நீங்கள்லாம் என்னையும் சுமந்திருக்கேள். மன்னிச்சுடுங்கோ." அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்து, ராமபத்ரனுக்கு முன்னால் வைத்தார்.

"விதி விதிதான்" என்றார் ஆராவமுதன். "மச்சினன்னு பார்க்க முடியாது. சுமக்காதவன்..."

"இரும்" என்றார் பின்வரிசையிலிருந்து வலப்பக்கத்துத் தாங்கி பத்ரிநாராயணன். "அவன் தொங்கறது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீரா? வலப்பக்கம் நிக்கற அத்தனை தோளுக்கும் தெரியும்."

சௌரிராஜன் திகைத்தார். "தெரியுமா? தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லலே?"

"எப்படிச் சொல்றது? எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆன வருஷம் நான் தொங்கலையா? அப்போ நீ எனக்கு முன்னாடி நின்னே. கனம் தெரியலையா உனக்கு?"

சௌரிராஜன் யோசித்துப் பார்த்தார். ஒரு வருஷம் தோளில் தோல் உரிந்தது நினைவுக்கு வந்தது. பெருமாளுக்குப் புதுத் தங்கக் கவசம் சாத்தியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி இவர்" என்று பத்ரிநாராயணன் ராமபத்ரனைக் காட்டினார். "பொண்ணு கல்யாணம் முறிஞ்சு போச்சே, அந்த வருஷம். உடம்புக்கு ஒண்ணுமில்லே. மனசு சரியில்லே, தொங்கினார்."

ராமபத்ரன் மேல்கூரை வௌவால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் பின்தண்டுல. நீங்கள்லாம் திரும்பிப் பார்க்கலே" என்றார். "அதுக்குத்தானே ஓய் அந்த விதி."

மண்டபத்தில் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவருக்கு மூலம், ஒருவருக்கு டெங்கு, ஒருவர் முதல் நாள் மச்சினி கல்யாணத்தில் ஜாங்கிரி அதிகம் சாப்பிட்டுவிட்டார். தொங்காத தோள் ஒன்றுகூட இல்லை போலிருந்தது.

"நான் ஒரு நாளும் தொங்கினதில்லே" என்றார் ஆராவமுதன். அது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை, மெச்சவும் இல்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். நேற்று வீதி நெடுக ஆடிக்கொண்டே போன குதிகால்களைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். சத்தம் போட்டு ஊரைக் கூட்டியிருக்கலாம், கூட்டவில்லை. அது சௌரிராஜனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஒரு வருஷம்" என்றார் ஆராவமுதன் கடைசியில். "அடுத்த உற்சவத்துல இவன் நிஜமாச் சுமக்கணும். இல்லேன்னா என் பையன் வருவான்."

தில்லைநாயகி இருமினாள். "சார், அப்ப நான் பழைய கேள்வியையே கேட்கணும். கவசத்துக்குச் சுமை எவ்வளவுன்னு சொல்லிக் கொடுக்கணும். இல்லேன்னா மறுபடியும் யாரையாவது அந்தரத்துல தூக்கிடும்."

ராமபத்ரன் நெடுநேரம் யோசித்தார். "பெருமாள் எடையை நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரோட கூட ஒரு ஆள்னு வெச்சுக்கோங்கோ."

"எந்த ஆள் சார்?"

"அதைக் கேக்கப்படாது."

கேட்கக் கூடாத கேள்விகளில் அப்படியாக இன்னொன்று சேர்ந்தது.

அந்த வருஷம் சௌரிராஜன் பட்ட பாடு நாய் படாது. முழங்காலை வைத்தியரிடம் காட்டினார். கவசத்தை மாட்டிக்கொண்டு, பள்ளி மைதானத்தில் மணல் மூட்டையோடு சிம்மகதி போட்டார். தில்லைநாயகி ஒலிபெருக்கியில் தவிலை முழக்குவாள். கை தண்டுக்கு மேலே போனால், "சார், கை" என்பாள். "மனசு தீர்மானம் பண்றதுக்கு முன்னாடியே உடம்பு பழைய வழியில போயிடும் சார். அதுக்குப் புது வழியைத் திரும்பத் திரும்பக் காட்டணும். வேற மருந்து கிடையாது." பையன்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு சிரித்தார்கள். வேதவல்லி தைலப் புட்டியோடு வாசலில் நின்றாள். ஒரு நாள் தவில் முழங்கியபோது கை அசையவில்லை. அன்றைக்கு அவர் மைதானத்தில் உட்கார்ந்து அழுதார். பையன்கள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மறு உற்சவம் வந்தது. கருட கதியைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம். அது இனிமேல் கிடையாது என்று அலுவலகத்தில் பலகை மாட்டியிருந்தும் யாரும் நம்பவில்லை.

வாசல்படி தாண்டியது. மேளம் மாறியது. சௌரிராஜனின் தோள் தண்டுக்குக் கீழே இருந்தது, கை தொடையோடு இருந்தது. ஓரடி வைத்து நின்றார், வலம் பார்த்தார், இடம் பார்த்தார். கனம் தோளில் இறங்கி, முதுகில் இறங்கி, கவசத்தின் வழியாகத் தரைக்குப் போனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பெருமாளை அவர் சுமந்தார். சந்தோஷத்தில் வாய்விட்டுக் கோவிந்தா என்றார்.

சிலிர்ப்பு முடிந்து பாய்கிற நேரத்தில் தோளில் கனம் கூடியது. ஒரு மூட்டை அரிசிக்குக் குறையாது. பல்லக்கு சாயவில்லை, கவசங்கள் குழம்பவில்லை. கூட ஒரு ஆள் என்றுதான் அவற்றுக்குச் சொல்லியிருந்ததே. கனம் நேர் பின்னாலிருந்து வந்தது.

அங்கே நிற்பவர் யார் என்று சௌரிராஜனுக்குத் தெரியும். அந்த மூச்சும் அவருக்குத் தெரியும். எப்போதும் துருத்தி மாதிரி சீராக வருகிற மூச்சு, இன்றைக்கு விட்டுவிட்டு, அறுந்து அறுந்து வந்தது. ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பினால் போதும். விதி விதிதான் என்று சொன்ன வாயை நாளைக் காலை மண்டபத்தில் அடைத்துவிடலாம். கழுத்து அரித்தது, பொல்லாத அரிப்பு. அக்கா போன மாதம் தொலைபேசியில், அத்திம்பேருக்கு நெஞ்சில் ஏதோ என்று சொல்ல ஆரம்பித்து, பிறகு ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டதும் ஞாபகம் வந்தது.

சௌரிராஜன் திரும்பவில்லை. தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தார்.

வீதி சுற்றி வந்து பல்லக்கை இறக்கினார்கள். எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆராவமுதன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. நீர்மோர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்குப் பெருமாள் கொஞ்சம் கனம், இல்லையா?"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

சௌரிராஜன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆமாம் அத்திம்பேர்" என்றார். "கனம்தான்."